யாரும் சாகாத ஒரு வாரம்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகள் வெந்நீரில் புரண்டு, உருளையில் நசுங்கி, ஆவி பறக்க வெளியே வரும்போது மூலைகளை எட்டிப் பிடிப்பவள் அவள்தான். அவள் மடித்ததை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும். "இவ கையில மாட்டினா மலையைக்கூட நாலா மடிச்சு அலமாரியில வெச்சிடுவா" என்பார் கொதிகலன்காரர்.

அந்த விரிப்புகளில் படுத்து எழுந்தவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். சிலவற்றில் மணல் உதிரும். சிலவற்றில் குழந்தை கவிழ்த்த பழச்சாறு. வெயில் ஏறிய பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் புரண்டவர்களின் விரிப்பில்தான் சுருக்கம் அதிகம் என்பாள் அவள். விடுமுறையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் அழுக்குதான்.

சலவைக்கூடத்திலும் லீவு இருந்தது. ஆனால் அதற்கு ஒரு பிணம் வேண்டும். மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றால் அவர் தலையைத் தூக்காமலே "யாரு?" என்பார். அப்பா, அம்மா, புருஷன், நெருங்கிய சொந்தம் என்றால் சம்பளத்தை வெட்டிக்கொண்டு அனுப்புவார். கல்யாணம், உடம்பு அலுப்பு, சும்மா ஒரு நாள் என்று யாராவது ஆரம்பித்தால், "தாராளமா போயிட்டு வா. வர்றப்போ உன் இடத்துல வேற ஆள் நின்னா என்கிட்ட வந்து அழாத" என்பார். இதனால் கூடத்தில் சாவுகளுக்குப் பஞ்சமே இல்லை. கொதிகலன்காரர் ஒருவரே கொன்று குவித்த சித்தப்பாக்களை வைத்து ஒரு தெருவை நிரப்பலாம். மடிப்பக்காவுக்கு மட்டும் அந்தப் பொய் வாயில் வரவில்லை. சொன்னது பலித்துவிட்டால் என்ன செய்வது? அவளுக்கு மிஞ்சியிருந்தவர்களே சொற்பம்.

அதில் முதல் ஆள் தங்கை. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஊரில், பழக்கிடங்கில் அவளுக்கு வேலை. ஊரெல்லாம் வேர்த்துக் கொட்டும் நாளிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு குளிரறையில் நின்று, அடிபட்ட பழத்தை நல்ல பழத்திலிருந்து பிரிக்க வேண்டும். அங்கேயும் லீவுக்கு அதே விலைதான். ஆகவே சகோதரிகள் சந்தித்ததெல்லாம் சாவு வீடுகளில். அப்பா போனபோது பார்த்துக்கொண்டார்கள். அம்மா போனபோது. அக்காவின் புருஷன், பிறகு தங்கையின் புருஷன். ஒவ்வொரு முறையும் ஒருத்தி திரும்பிப்போகும் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டே மற்றவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, டீ கொடுத்து, பாத்திரம் கழுவி நிமிர்வதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடும்.

வாரத்தில் ஒரு நாள் போனில் பேசுவார்கள். "ஒரு தடவையாவது யாரும் போகாம நாம பார்க்கணும்க்கா" என்பாள் தங்கை. "பார்க்கலாம்டி" என்பாள் அக்கா. சொல்லும்போதே இருவருக்கும் தெரியும், அடுத்துப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் கண்ணை மூடவேண்டும். அதற்குமேல் இன்னொன்றும் தெரியும். அதை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சித்தி மாதிரி மிச்சமிருக்கும் பெரியவர்களும் போய்விட்டால், கடைசியாக ஒருத்தியைப் பார்க்க இன்னொருத்தி வருவாள். அன்றைக்குப் பேச ஒரு வாய்தான் இருக்கும்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. சங்கத்துப் பெண் சாப்பாட்டு வேளையில் பெஞ்சின்மேல் ஏறி நின்று விளக்கினாள். ஒரு வருஷம் வேலை பார்த்த யாருக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. காரணம் சொல்லவேண்டியதில்லை. யாரும் கை தட்டவில்லை. கொதிகலன்காரர் மட்டும் சந்தேகம் கேட்டார்.

"யாருமே சாகவேண்டாமா?"

"யாரும் வேண்டாம்ண்ணே."

"அடப் பாவமே, இது தெரியாம எத்தனை பேரை அநியாயமா கொன்னுட்டேன்!"

கூடமே சிரித்தது. மடிப்பக்கா கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே நின்றாள்.

சட்டம் வந்ததே தவிர லீவு வரவில்லை. கூட்டம் குறையட்டும் என்றார்கள். குறைந்ததும் இயந்திரத்தைப் பழுது பார்க்கவேண்டும் என்றார்கள். கடைசியில் மேற்பார்வையாளரே வரிசை வரிசையாக வந்து, "லீவுக்குப் பதிலா காசா வாங்கிக்கோங்க, உங்களுக்கும் லாபம், எங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்று காதோடு சொன்னார். பல பேர் தலையாட்டினார்கள். மடிப்பக்காவும் ஒரு நாள் யோசித்தாள். அவள் குளியலறைக் குழாய் ஒழுகி, கீழ்வீட்டுக்காரி தினமும் மேலே ஏறி வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கத்துப் பெண்ணிடம் கேட்டபோது, "வேலையில இருக்கும்போது லீவை விக்க முடியாதுக்கா, சட்டத்துல அதுக்கு இடமில்ல. எடுத்தே தீருவேன்னு நில்லுங்க" என்றாள் அவள்.

மறுநாள் போய் நின்றாள்.

"யாரு?" என்றார் மேற்பார்வையாளர், பழக்கதோஷத்தில்.

"யாரும் இல்ல சார். தங்கச்சியைப் பார்க்கணும்."

"அவங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"நல்லா இருக்கா. அதனாலதான் இப்பவே பார்க்கணும்."

அவர் தலையைத் தூக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் கண்ணுக்குக் கீழே அவ்வளவு கறுத்திருந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கே கிளம்புங்க. அடுத்த வாரம்னா விடுதியெல்லாம் நிரம்பிடும்" என்றார். அவள் வாசல்வரை போனபிறகு குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். "மடிப்பக்கா, மேற்பார்வை பார்க்கிறவனுக்கும் அந்தச் சட்டம் உண்டான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

தங்கைக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்தவள் வைத்துவிட்டாள். வழக்கமில்லாத நாளில் மணி அடித்தாலே யார் போனது என்றுதான் அவள் கேட்பாள். எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும், நேரிலேயே போய் நின்றுவிடலாம்.

போய் நின்றதுதான் வினையாகிப் போனது. சாயங்காலம் கதவைத் திறந்த தங்கை, அக்காவையும் அவள் கையிலிருந்த பையையும் பார்த்தாள். கதவைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள்.

"கப்பலா? என் பிள்ளையா?"

அவள் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். மடிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ இல்லடி! அவனுக்கு ஒண்ணும் இல்லடி!"

"அப்ப யாரு? மறைக்காம சொல்லு. சித்தியா?"

"சித்தி குத்துக்கல்லு மாதிரி இருக்கா. யாரும் சாகல. நான் லீவுல வந்திருக்கேன்."

"லீவுன்னா?"

"லீவுன்னா லீவுதான்டி. உன்னைப் பார்க்க வந்திருக்கேன்."

தங்கை நம்பவில்லை. உடனே சித்திக்குப் போன் அடித்தாள். "நான் எப்படா போவேன்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருக்கீங்களாடி?" என்று சித்தி கத்தியது வாசல்வரை கேட்டது. அதற்குள் பக்கத்துவீட்டுக்காரி துக்கம் விசாரிக்கும் முகத்தைத் தயாராக்கிக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாள். அதன்பிறகுதான் தங்கை எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டதும் பழக்கத்தில் இருவருக்கும் அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் விடியும் முன்பே தங்கை கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். "போகாதடி, நானும் லீவு, நீயும் ஒரு நாள் கேட்டுப் பாரு" என்றாள் அக்கா. கேட்டும் பார்த்தாள். கிடங்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் பல் குத்திக்கொண்டே பதில் சொன்னாராம்: "சட்டமெல்லாம் கிடங்கு ஆளுங்களுக்கு. நீ என் ஆளு. உனக்கு நான்தான் சட்டம்."

ஆகவே அக்கா லீவில் இருந்தாள். தங்கை வேலைக்குப் போனாள். அந்த ஒற்றை அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஒரு சன்னல். நடுப்பகலில் அந்தச் சன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழுந்து, மெல்ல நகர்ந்து, சுவரில் ஏறியது. பகல் நேரத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று மடிப்பக்காவுக்கு அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கை பரபரத்தது. தங்கையின் துணிகளை எல்லாம் எடுத்து மடித்தாள். மடித்ததைக் கலைத்துத் திரும்ப மடித்தாள். பல் தேய்ந்த சீப்பு, மகன் விட்டுப்போன காலணி, மருந்துக்கடைப் பையில் சுற்றிய ஒற்றைத் தோடு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தங்கையோடு இருக்க வந்து தங்கையின் சாமான்களோடு இருந்தாள். படிக்கட்டில் எந்தக் காலடி கேட்டாலும் எழுந்து நின்றாள்.

சாயங்காலம் வருகிற தங்கையின் விரல்கள் விறைத்துப்போயிருக்கும். அக்கா அவற்றைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிடுவாள். பேசவேண்டும் என்று இரண்டு பேரும் உட்காருவார்கள். ஆனால் என்ன பேசுவது? அப்பாவின் கடைசி நாள், அம்மாவின் கடைசி நாள், இவர் போனது, அவர் போனது. அதைத் தாண்டி வேறு பேச்சு அவர்களுக்குப் பழக்கமில்லை. தங்கை உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

வார விடுமுறையன்று ஊரின் ஓரத்திலிருந்த ஏரிக்குப் போனார்கள். காலால் மிதித்து ஓட்டும் படகுகள் அங்கே இருந்தன. தலை நரைத்த இரண்டு பெண்கள் ஏறியதைப் பார்த்து டிக்கெட்காரன், "பார்த்து மிதிங்கம்மா, கவிழ்த்துடாதீங்க" என்றான். ஒருத்தி வேகமாக மிதிக்க, ஒருத்தி மெதுவாக மிதிக்க, படகு செக்குமாடு போல ஒரே இடத்தில் சுற்றியது. தங்கை சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். மடிப்பக்கா மிதிப்பதை விட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்ந்த பிறகு அவள் சிரித்துப் பார்த்ததே இல்லை.

சிரிப்பு அடங்கியதும், தண்ணீரைப் பார்த்தபடி தங்கை கேட்டாள்.

"என் கல்யாணத்துக்கு ஏன்க்கா நீ வரல?"

மடிப்பக்கா, "கல்யாணத்துக்கு லீவு கிடையாதுன்னுட்டாங்க. போனா வேலை போயிடும்னாங்க" என்றாள்.

"அது தெரியும். அம்மா சொன்னா."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"உன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. இழவு வீட்டுல வெச்சு எப்படி இதைக் கேக்கறது? படம் எடுக்குறப்போ என் பக்கத்துல ஒரு இடம் விட்டு நின்னேன். கடைசி நிமிஷத்துலயாவது நீ ஓடி வந்துடுவியோன்னு. படம் எடுக்கிறவர்தான் திட்டினார், ஏம்மா நெருங்கி நில்லுங்கன்னு."

"அன்னைக்குப் பூரா உருளைகிட்ட நின்னுக்கிட்டே இருந்தேன்டி" என்றாள் அக்கா. "இப்ப பூ வெச்சிருப்பா, இப்ப சாப்பிட உக்காந்திருப்பான்னு. எத்தனை விரிப்பைக் கோணலா மடிச்சேனோ."

"நீயா? கோணலாவா?"

"ஆமா. அன்னைக்கு மட்டும்."

தங்கை அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். டிக்கெட்காரன் கரையிலிருந்து விசில் அடித்துக் கூப்பிடும்வரை படகு தன்பாட்டில் காற்றுக்கு நகர்ந்தது.

ஊர் திரும்பிய மடிப்பக்கா நேராகச் சங்கத்துப் பெண்ணிடம் போனாள். பழக்கிடங்கில் நடப்பதைச் சொன்னாள். அவள் அந்த ஊர்ச் சங்கத்துக்குச் சொல்ல, கிடங்குப் பெண்கள் கூடினார்கள், ஒப்பந்தக்காரரை எதிர்த்து நின்றார்கள், சிலருக்கு வேலை போனது, மறுபடி கிடைத்தது. தங்கையும் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது. இழுபறிக்குப் பிறகு கிடங்கே அவர்களைத் தன் ஆட்களாக எடுத்துக்கொண்டது. லீவுக்கு அதிலிருந்து ஒரு வருஷம் முடியவேண்டும்.

காத்திருந்த அந்தக் காலம்தான் மடிப்பக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் தங்கையை நினைத்தால் அழுத முகம்தான் வரும். அதை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இப்போது ஏரியும் சிரிப்பும் வந்து நின்றன. ருசி கண்ட பிறகு வரும் பசி அது. மூலையைப் பிடித்த கை சில நாள் அப்படியே நின்றுவிடும்.

தங்கைக்கு லீவு கிடைத்தபோது பழம் வராத பருவம். அதே பருவத்தில்தான் விடுதிகள் நிரம்பி வழியும், சலவைக்கூடத்தில் ஒருவருக்கும் லீவு கிடையாது. சட்டத்தில் எல்லாம் இருந்தது. இரண்டு ஊரின் லீவும் ஒரே வாரத்தில் விழவேண்டும் என்று மட்டும் இல்லை. "பரவாயில்ல, நான் வர்றேன்" என்று தங்கை வந்துவிட்டாள்.

முதல் நாள் காலையில் அவள் போர்வைக்குள் இருந்தபடியே, "கிளம்பிட்டியா?" என்றாள். மடிப்பக்கா வேலைக்குப் போனாள். மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மதியம் தாண்டியதும், தன் அறையில் இந்நேரம் வெயில் எந்தச் சுவரில் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. தங்கையைக் கேட்டால் சொல்வாள். அவள் கட்டிலில் குப்புறப் படுத்திருப்பாள். இல்லை, ஒழுகும் குழாயோடு மல்லுக்கு நிற்பாள். கீழ்வீட்டுக்காரி ஏறி வந்திருந்தால் இருவரும் சண்டை போட்டு, சமாதானமாகி, டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

வேலை முடியும் சங்கு ஊதியபோது கொதிகலன்காரர் ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்தார். மடிப்பக்கா காது கொடுக்கவில்லை. வழக்கமான பேருந்துக்குக் காத்திருக்கவும் இல்லை. ஈரக் கையைத் துடைக்காமல், தெருவில் எதிரே வந்தவர்களை விலக்கிக்கொண்டு, வயசுக்குப் பொருந்தாத வேகத்தில் வீட்டைப் பார்த்து நடந்தாள்.