வீட்டுக்குப் போன் பண்ணணும்

தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்த கணவர் மாரடைப்பில் போனதும், அந்த வேலை அவளுக்கே கிடைத்தது. அவர் நடந்த தெருக்கள், அவர் தோளில் மாட்டிய பை, அவர் 'செங்கல்' என்று கிண்டல் செய்த கைக்கணினி, எல்லாமே கைமாறி வந்தன. பெயர் பொருத்தம்தான். கனமும் அப்படி, நிறமும் அப்படி.

வீடு வீடாகப் போய் மீட்டரில் இருக்கும் எண்ணைச் செங்கலில் தட்ட வேண்டும். சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து, கம்ப்யூட்டரிலிருந்து வயர் இழுத்து வைத்திருக்கும் ஸ்டாண்டில் அதைச் செருக வேண்டும். திரையில் பச்சைக் கோடு ஓடி முடிந்தால் அன்றைய எண்கள் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். மறுநாள் போக வேண்டிய வீடுகளின் விவரம் செங்கலுக்கு வந்துவிடும்.

முதல் நாள் மத்தியானமே பைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் திரையில், 'வீட்டுக்குப் போன் பண்ணணும்.' அவர் தனக்காகப் போட்டுவைத்த அலாரம். எத்தனை வேலை இருந்தாலும் மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று அம்மாவைக் கேட்ட பிறகுதான் அவர் தன் டப்பாவைத் திறப்பார். யார் வீட்டு மாடிப்படியிலோ உட்கார்ந்து அவள் அந்த அலாரத்தை அழித்தாள்.

மறுநாள் அதே கீச், அதே வரி. மறுபடி அழித்தாள். அழிக்க அழிக்க வந்தது. காலையில் பையை எடுக்கவே பயமாக இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல், அது சொன்னபடியே செய்துவிட்டாள். தன் செல்போனிலிருந்து வீட்டு நம்பரை அழுத்தினாள். முதல் மணி அடங்குவதற்குள் மாமியார் எடுத்துவிட்டார்.

"ம், சொல்லு."

வீட்டில் இரண்டு பேரும் அவசியத்துக்கு மேல் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தட்டு எடுத்து வைக்கும்போது மாமியார் சாதாரணமாகச் சொன்னார். "மத்தியானம் அவன் போன் பண்ணினான்."

மாமியாருக்கு ஞாபக மறதியெல்லாம் கிடையாது. நேற்று ரேடியோவில் கேட்ட செய்தியை இன்று வரி மாறாமல் ஒப்பிப்பவர்.

"என்ன சொன்னாரு, அத்தை?"

"சாப்பிட்டியாம்மான்னான். வேற என்ன கேப்பான்."

கூப்பிட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. தட்டில் சோற்றைப் போட்டாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில், எல்லோரும் 'கேபிள் சார்' என்று கூப்பிடும் கம்ப்யூட்டர்காரரிடம் அலாரம் விஷயத்தை மட்டும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அந்த அலாரத்தோட காப்பி இந்தக் கம்ப்யூட்டர்ல கிடக்கு. நீங்க அதுல அழிச்சாலும், ஸ்டாண்டுல வெச்சதும் இது திரும்ப அனுப்பிடுது."

செங்கலில் இருப்பதும் கம்ப்யூட்டரில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டரில் இருப்பதே சரி என்று எடுத்துக்கொள்ளும்படி யாரோ வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். இங்கேயும் அழித்துவிடட்டுமா என்று கேட்டார். அவள் தயங்கித் தலையாட்டினாள். அவர் கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டுச் செங்கலைச் செருகினார். பச்சைக் கோடு ஓடி முடியும்வரை அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானம் செங்கல் வாய் திறக்கவில்லை. அது கத்தும் நேரம் தாண்டியும் அவளுக்குக் காது அதிலேயே இருந்தது. ஒரே மீட்டரைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டுக்கு அவள் போன் பண்ணவில்லை.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"இன்னைக்கும் பேசினான்."

வயர், காப்பி என்று கேபிள் சார் சொன்னதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் கைகொடுக்கவில்லை. மாமியார் போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் போய், அந்த நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா, அத்தை?"

மாமியார் கொஞ்சம் யோசித்தார்.

"அவ வெயில்ல ரொம்ப அலையறாளான்னு கேட்டான். ஆமான்னேன்."