கரி இல்லாத நாட்கள்

தினமும் காலை ஆறரை மணிக்கு மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் ஒரு முழ நீளத்தை ஈர வெள்ளைத் துணியால் துடைப்பேன். துணி கறுத்தால் நோட்டில் ‘கரி உண்டு’, கறுக்காவிட்டால் ‘கரி இல்லை’. அதன் கீழே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அக்காவுக்கு இழுப்பு எப்படி என்று இரண்டு வரி. எங்கள் வீட்டுக்கு மேற்கே இரண்டு தெரு தள்ளித் தொழிற்பேட்டை. அங்கே பழைய இரும்பு உருக்கும் உலைகள் இருக்கின்றன. அக்காவுக்கு இரண்டு பம்ப்; ஒன்று தினமும், இன்னொன்று மூச்சு முட்டும்போது.

இப்படி மூன்று நோட்டுகள் நிரம்பின. பக்கத்து வீட்டார் குப்பை கொளுத்தினால் அதையும் எழுதுவேன். கல்யாண வீட்டில் அக்கா ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும் எழுதியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அரசு ஒரு வரைவு விதியை வெளியிட்டது. குடியிருப்புக்கு அருகிலுள்ள உலைகள் புகைபோக்கியில் ஃபில்டர் மாட்ட வேண்டும். மாட்டும்வரை எரிக்கக் கூடாது. இறுதி செய்யும் முன் பொதுமக்களும் தொழில் செய்வோரும் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம் நடக்கும்.

“இது மட்டும் வந்துட்டா ஜன்னல தொறந்து வச்சிக்கினு உக்காருவேன்டா,” என்றாள் அக்கா. எங்கள் வீட்டு மேற்கு ஜன்னல்கள் திறந்து வருஷங்கள் ஆகின்றன.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாதா கோயிலில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருபவர். உலை முதலாளிகள் சங்கத்தின் செயலாளர். கையில் ஆப்பிள் பை.

“அண்ணே, நீங்க நாள் தவறாம எழுதறீங்கன்னு சாமியார் சொன்னாரு. எந்த உலைன்னு தெரிஞ்சா நாங்களே சரி பண்ணிடுவோம்ல?”

“பாத்துட்டு பயந்துடாத தம்பி,” என்றாள் அக்கா. “நான் தும்முனா கூட மணி பாத்து எழுதி வச்சிருப்பான் இவன்.”

அவர் சிரித்தார். அனுமதி கேட்டுப் போனில் படம் எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கொடுத்தது நான்தான். ஒரு படம் மங்கலாக விழுந்தபோது, நோட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தி, மறுபடி எடுக்கச் சொன்னேன். திருடிக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

புதுச்சேரியில், சாரம் பகுதிக் கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம். முன்வரிசை முழுக்க வேனில் கொண்டுவந்து இறக்கிய உலைத் தொழிலாளர்கள். சங்கத்து வக்கீல் எழுந்தார். திரையில் என் கையெழுத்து வந்தது.

“புதன்கிழமை. கரி இல்லை. கடல் காற்று. அக்காவுக்கு இழுப்பு கடுமை,” என்று படித்தார். அடுத்த படம், அதுவும் அதே மாதிரி. அதற்கடுத்து குப்பை. அதற்கடுத்து ஐஸ்கிரீம்.

“கரியே இல்லாத நாள்ல இழுப்பு வருது. ஐஸ்கிரீம் தின்னா வருது. பாவம், உலை என்ன சார் பண்ணும்?”

மண்டபம் சிரித்தது.

அவர் காட்டாமல் விட்டது செவ்வாய்க்கிழமையை. அன்று ‘கரி உண்டு, மேல்காற்று’, அதாவது உலைப் பக்கத்துக் காற்று. கரி விழுந்த மறுநாள்தான் அக்காவுக்கு இழுப்பு முற்றும். மூன்று நோட்டையும் வரிசையாகப் படித்தால் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நான் எங்குமே எழுதியிருக்கவில்லை. அன்றன்று கண்டதை எழுதுவதோடு சரி, முடிவு சொல்வது என் வேலை இல்லை என்று எனக்கு ஒரு திமிர்.

“முந்தின நாள் பக்கத்தையும் போடுங்க!” என்று எழுந்து கத்தினேன்.

“பேசறவங்க லிஸ்ட்ல உங்க பேரு இல்ல சார்,” என்றார் மேடையிலிருந்த அதிகாரி.

“அது என் நோட்டு!”

“அதான் அவரு படிச்சிட்டாரே.”

மறுபடி சிரிப்பு. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருடா. எனக்கு மூச்சு வாங்குது.”

செவ்வாயையும் புதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெராக்ஸ் எடுத்து, சிவப்புக் கோடு போட்டு, அந்த அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததற்கு ஒப்புகை அட்டை வந்தது. அடுத்து விதியே வந்தது. ஃபில்டர் மாட்ட விரும்பும் உலைகளுக்கு அரசு ஊக்கம் தருமாம். எரிக்கக் கூடாது என்ற வரியைத் தேடினேன். இரண்டு முறை தேடினேன். இல்லை.

அந்த ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கச் சொன்னார் சாமியார். முன் பெஞ்சுக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். ஆப்பிளோடு வந்த அன்று இருந்த அதே முகம், கூப்பிய கைகள். பழக்கத்தில் என் கைகளும் கூப்பிக்கொண்டன. அதற்காக என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அக்கா பெஞ்சுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மொதல்ல ஃபில்டர மாட்டுங்க தம்பி,” என்றாள், பாதிக் கோயிலுக்குக் கேட்கிற மாதிரி. “அப்பறம் சமாதானம் சொல்லலாம்.”

அவர் விருட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் விடவில்லை. நற்கருணைக்கு வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வரிசைக்கு எதிர்ப்பக்கமாக, வாசலுக்கு நடந்தேன்.