கரிநாள் தாளுக்குக் கேட்ட வரி

1. ஆடிப்பெருக்கன்று மாமாவின் அச்சகத்தில் புது ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகள் கொண்ட ஆல்பத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். அந்த வாரம் எனக்கு இருமல் தொடங்கியது.

2. தீபாவளி வரை பட்டாசு டப்பாக்களுக்கான லேபிள் வேலை. அது முடிந்ததும் காலண்டர் வேலை. இருமலுக்கு அம்மா மிளகும் தேனும் கொடுத்தாள்.

3. சிவகாசியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சளி என்றார்.

4. இன்னொரு டாக்டர், கிருமி எதுவும் தெரியாமலே, காசநோய் மாத்திரை எழுதினார்.

5. தை பிறந்து சீசன் முடிந்தது. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். ஊசி விட்டுத் துளி சதை எடுத்து அனுப்பினார்கள்.

6. நுரையீரல் புற்றுநோய். நான்காம் நிலை. இடுப்பெலும்பு வரை போயிருந்தது.

7. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நான் புகைபிடித்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் பிடித்ததில்லை.

8. "மெட்ராஸ்ல படிக்கும்போது ஹாஸ்டல்ல ஏதாச்சும் ஊதுனயாத்தா? உண்மையச் சொல்லு," என்று டாக்டர் அறையின் வாசலிலேயே மாமா கேட்டார்.

இந்தப் பட்டியலைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். எட்டாவதை மட்டும் சொல்வதில்லை. அதைச் சொன்னால் கூட்டம் மாமாவை நினைத்துச் சிரிக்கும், பிறகு என்னைப் பார்த்து அதையே யோசிக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு அம்மாவையும் என்னையும் தங்கச்சியையும் தன் வீட்டு மாடியில் வைத்துக் காப்பாற்றியவர். அச்சுத் தொழில்நுட்பம் படிக்க என்னை அனுப்பியதும் அவர்தான். படித்து முடித்து வந்ததும் அவருடைய அச்சகத்தில் அச்சுத்தகடு செய்யும் பிளேட் பிரிவை என்னிடம் கொடுத்தார். அச்சுக்குப் போகும் எல்லாத் தாளும் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். இதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எதுவும் இதை இல்லை என்று ஆக்காது.

எனக்குக் கீமோ எனப்படும் ஊசி மருந்து கொடுக்கவில்லை. என் கட்டியின் மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது, அதைக் குறிவைக்கும் மாத்திரை இருந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. முடி கொட்டவில்லை. அதற்குப் பதிலாக முகம் முழுக்கப் பரு, நகக்கண்களில் சீழ், நினைத்தாற்போல வயிற்றுப்போக்கு. இருமல் போய்விட்டது. மறுபடி வேலைக்கு வந்தேன். விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு கீபோர்டு தட்டினேன்.

பக்கத்து ஊர்ப் பெண்கள் கல்லூரி ஒன்றில் இந்த நோயைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். படம் போட்டு, எக்ஸ்ரேயில் தெரியாதது ஸ்கேனில் எப்படித் தெரியும் என்று விளக்கினேன். கேள்வி நேரத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அக்கா, முடி கொட்டலையே. நெசமாவே கேன்சர்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். அவள் பொல்லாதவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த கேன்சரில் நான் சேரவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் சாவு பட்டாசு ஆலை வெடிக்கும் சத்தத்தோடு வரும். சத்தம் கேட்டதும் எந்தத் திசையில் புகை எழுகிறது என்று மொட்டை மாடியில் ஏறிப் பார்ப்போம், அங்கே வேலைக்குப் போனவர்களைப் போனில் கூப்பிடுவோம். அப்படிப் பழகிய ஊரில் இருமலுக்காக யாரும் மாடி ஏற மாட்டார்கள்.

அடுத்த ஆடி வந்தது. இந்த முறை மாமா இருமினார்.

முதலில் மை வாடை என்றார். பிறகு கரைப்பான் நெடி என்றார். பிறகு பனி என்றார். ஆவணியில் என்ன பனி. காலையில் கீழ் வீட்டுக் குளியலறையில் அவர் இருமுவதைக் கேட்டபடிதான் நான் மாத்திரையை விழுங்குவேன். சொல்லிப் பார்த்தேன்.

"மாமா, மூணு வாரத்துக்கு மேல இருமுறீக. ஒரு ஸ்கேன் எடுத்துருவோம்."

"சீசன் முடியட்டும்."

"எனக்கும் அப்படித்தான சொன்னோம்?"

"உனக்கு வந்தா ஊருக்கெல்லாம் வரணுமா? வெத்தலை கூடப் போடாதவன் நான்."

"நானுந்தான் போடலை."

பேச்சில் மாட்டிக்கொண்டால் மாமா போனை எடுத்து யாரையாவது லோடு ஏறியதா என்று கேட்பார். அன்றைக்கும் கேட்டார்.

தினசரிக் காலண்டரின் தாளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தேதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், ராசிபலன். அடியில் ஒரு வரி மருத்துவக் குறிப்பு. அந்தக் குறிப்புகளை யாரும் எழுதுவதில்லை. பல வருஷமாக ஒரு கோப்பில் கிடக்கின்றன, தேதியை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவோம். அதில் ஒன்று: "நாள்பட்ட இருமலுக்கு மிளகும் தேனும் கைகண்ட மருந்து." அந்த ஐப்பசியில் அதை எடுத்துவிட்டு வேறு வரி வைத்தேன்: "மூன்று வாரத்துக்கு மேல் இருமலா? மருத்துவரைப் பாருங்கள். புகைக்காதவருக்கும் நுரையீரலில் புற்றுநோய் வரும்."

ஊருக்காக என்றுதான் வைத்தேன். ஆனால் அந்த வரியைப் படித்தாக வேண்டிய முதல் ஆள் புரூஃபில் கையெழுத்துப் போடும் மாமாதான் என்பது எனக்குத் தெரியும்.

அவர் படித்தார். பேனாவை மூடினார்.

"சாமி படத்துக்குக் கீழ புத்துநோய்னு எழுதுவியா?"

"எல்லாத் தாள்லயும் இல்ல மாமா. ஒரே ஒரு நாள்."

"எந்த நாளு? அந்த நாள்ல எவனுக்காவது பிள்ளை பொறக்கும். எவனாவது கடை திறப்பான்."

அதையும் யோசித்து வைத்திருந்தேன். "கரிநாள்ல போடுறேன். அன்னைக்கு யாரும் நல்ல காரியம் பண்ண மாட்டாக."

மாமா பேனாவை மறுபடி திறந்தார். "கரிநாள்லயும் ஒருத்தன் காபி குடிச்சுக்கிட்டுத்தான் தாளைக் கிழிப்பான். அவன் வாயில ஏன் மண்ணைப் போடுற? இஞ்சினியருக்குப் படிச்சா இதெல்லாம் மறந்துருமோ?" சொல்லிவிட்டு இருமினார். இருமி முடித்து, வரியைப் பேனாவால் அடித்தார். அந்த ஆண்டும் மிளகும் தேனும் அச்சானது. பிளேட் போட்டது நான்தான்.

தீபாவளி முடிந்த வாரத்தில் விருதுநகரிலிருந்து ஒரு பார்ட்டி வந்தார். மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் எங்களிடம் காலண்டர் அடித்துக் கொடுப்பவர். மாமா அவருக்கு டீ வரவழைத்தார். நான் புரூஃபை எடுத்துக்கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"என்ன அண்ணாச்சி, வத்தல் கிடங்குல கிடக்கிற நாங்கதான் இருமணும். இங்கன நீங்க இருமுறீக?"

"மை வாடை அண்ணாச்சி."

பார்ட்டி என் பக்கம் திரும்பினார். என் முகத்துப் பருவையும் விரல் பிளாஸ்திரியையும் பார்த்தார். "ஏத்தா, ஒனக்கு நெஞ்சுல என்னமோ வியாதின்னு சொன்னாக. அது ஒட்டிக்கிறதாமே?"

சரியான பதில் ஒரே சொல். ஒட்டாது. அதைக் கல்லூரியில் சொல்லியிருக்கிறேன், சொந்தக்காரர் வீடுகளில் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்த மாமாவின் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். மாமா என்னைப் பார்த்தார். சொல்லு என்று அந்தப் பார்வை கேட்டது.

"அதை மாமாகிட்டத்தான் கேக்கணும் அண்ணாச்சி. எனக்கு வந்ததுக்குப் பின்னாடிதான் அவுகளுக்கு இருமல் வந்துச்சு. இன்னும் ஸ்கேன் எடுத்துப் பாக்கலை."

சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. சேர்த்து வைத்தால் முழுப் பொய்.

பார்ட்டி டீயைக் குடிக்காமல் வைத்தார். புரூஃபின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மேசையில் தள்ளினார். "ஆர்டரைப் போன்ல சொல்றேன் அண்ணாச்சி." மதியத்துக்குள் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. இரண்டு பார்ட்டிகள் வருவதாகச் சொல்லி வரவில்லை.

மாமா அச்சகத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினார். இயந்திரம் ஓட்டுபவர்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள், நன்றாகக் கேட்கட்டும் என்று.

"தின்ன சோத்துக்கு நன்றி காட்டிட்டயே பாவி! போறவ சும்மா போகக் கூடாதா? துணைக்கு ஒருத்தனை இழுத்துக்கிட்டுத்தான் போகணுமா?"

அம்மா அழுதாள். நான் அழவில்லை. அழுதால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"ஸ்கேன் எடுத்து ஒண்ணுமில்லைன்னு காட்டிட்டா பேச்சு நின்னுரும் மாமா. ரிப்போர்ட்டை ஆபீஸ்ல மாட்டி வைங்க."

மறுநாள் காலையில் கார் வாசலில் நின்றது. சலவைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார், படம் பிடிக்கப் போகிறவர் போல. "உனக்கு எடுத்தாகளே, அதே பெரிய ஸ்கேன். எக்ஸ்ரேன்னா எவனும் நம்ப மாட்டான்," என்றார். பைண்டிங் பிரிவில் லேமினேஷன் தாள் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மதுரையில் ஸ்கேன் அறை வாசலில் இருந்த பெண்ணிடம், ரிப்போர்ட் கலரில் வருமா, ஆஸ்பத்திரி முத்திரை தெளிவாக விழுமா என்று விசாரித்தார். வியாதி இல்லை என்பதற்கான சான்றிதழ் வாங்கப் போனவர் அவர். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு அவ்வளவு உற்சாகமாக இருந்த ஆள் வேறு யாரும் இல்லை.

வலது நுரையீரலின் மேல் பகுதியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று இருந்தது. மற்றச் சோதனைகளும் முடிந்தபின் டாக்டர் சொன்னார்: "ஆரம்ப நிலை. வேற எங்கயும் பரவலை. அறுத்து எடுத்துரலாம். இருமலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லாமக்கூட இருக்கலாம். தற்செயலா மாட்டியிருக்கு."

அந்த அறையில் எனக்குள் முதலில் வந்தது இரக்கம் இல்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது என்பதுதான் முதலில் வந்தது. அடுத்து வந்தது பொறாமை. அறுத்து எடுத்துரலாம் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

திரும்பும்போது, திருமங்கலம் தாண்டியதும், மாமா கார்க் கண்ணாடிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "நீ வாய் வச்ச, பலிச்சிருச்சு," என்றார்.

மார்கழியில் அறுவை சிகிச்சை நடந்தது. பங்குனியில் அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் வியாபாரிகள் கல்யாண மண்டபம் ஒன்றில் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர், கருத்த நுரையீரலும் எரியும் சிகரெட்டும் போட்டது. மேடையில் நடுநாற்காலி மாமாவுக்கு. பேனருக்கும் மாமாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

தங்கச்சிக்குப் பேசிக்கொண்டிருந்த வெளியூர் மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். அம்மா என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

"மாமாவுக்கு இருந்துச்சுன்னு மேடை போட்டே சொல்றீக. எனக்கு இருக்குன்னு சொன்னா என்ன?"

"அவனுக்குக் குணமாயிருச்சு. குணமானதைச் சொல்லலாம். ஒன்னோடதைச் சொன்னா ரத்தத்துல இருக்குன்னு போயிருவாக. தூரமா உக்காரு, தாயி."

நான் கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே மின்விசிறி இல்லை. மாமா மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம். மூணு வாரத்துக்கு மேல இருமுனா சும்மா விடக் கூடாதுன்னு எனக்குள்ள சாமி சொல்லுச்சு. யார் சொல்லியும் போகலை, நானாத்தான் போனேன். சீசனாவது ஒண்ணாவது! உசுரு இருந்தாத்தான சீசன்?"

கைதட்டினார்கள். விருதுநகர் பார்ட்டி அவருக்குச் சால்வை போர்த்திக் கட்டிப்பிடித்தார். ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் அவருக்குப் போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "எம்புட்டு தெளிவு பாருங்க," என்று என்னிடமே சொன்னார். தன் வீட்டுக்காரரும் மாசக்கணக்காக இருமுகிறார், நாளைக்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால், இருமல் நிற்காதபோது ஸ்கேன் வேண்டுமா என்று மறுபடி கேளுங்கள் என்றேன்.

"நீங்க நர்சா?" என்றார்.

இல்லை, அச்சகத்தில் வேலை என்றேன்.

இந்த ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வந்தபோது மாமா தானே பிளேட் பிரிவுக்கு வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவருக்கு இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது.

"அந்த வரி வச்சிருந்தயே, அதைப் போடு. கரிநாள் வேண்டாம். மாசத்துக்கு ஒரு நாள், நல்ல நாளாப் பாத்துப் போடு."

"முழுசாவா?"

"நோய் பேரு வேண்டாம். புகைக்காதவருக்கும்ங்கிற வாக்கியத்தை எடுத்துரு. மிச்சத்தைப் போடு."

அந்த வாக்கியத்தில்தான் நான் இருந்தேன். அவரும் அதில்தான் இருந்தார். எடுத்துவிட்டேன். மூன்று வாரம், இருமல், மருத்துவர் என்ற சொற்கள் மிஞ்சின. வேலைக்கு அவை போதும் என்று பிளேட்டுக்கு அனுப்பினேன்.

இப்போதைய நிலை இது. காலண்டர் அச்சில் இருக்கிறது. மிளகும் தேனும் கோப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. மாமாவின் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தங்கச்சிக்கு நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்கு என்னைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. என் மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிட்டது, கல்லீரலில் இரண்டு இடத்தில் நோய் தெரிகிறது. அடுத்த வாரம் மதுரையில் ஊசி மருந்து தொடங்குகிறது. இந்த முறை முடி கொட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.