முத்தையாவின் கையும் ஒரு சென்டர் போல்ட்டும்

1. செயினில் வந்த கார்

டிராக்டரில் செயின் கட்டி அந்தக் காரை இழுத்துவந்து என் ஒர்க்‌ஷாப் வாசலில் விட்டார்கள். கூட வந்த ஏட்டையா, "பிரேக் இன்ஸ்பெக்டர் நாளைக்கு வாராரு. அதுவரைக்கும் ஒரு நட்டைத் தொடப்பிடாது" என்று அதிகாரம் பண்ணிவிட்டு, என் காசிலேயே டீயும் குடித்துவிட்டுப் போனார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் கார் என்றால் அம்பாசிடர்தான், மிஞ்சிப்போனால் பியட். இது ஜப்பான் கார். கடையநல்லூர் செய்யது பாய் துபாயில் பாடுபட்டுச் சம்பாதித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. டிரைவர் இடது பக்கம் உட்கார வேண்டும். பவர் ஸ்டீயரிங் வேறு. அப்படி ஒன்றை எங்கள் ஊர் ரோட்டில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

முன் பம்பர் உள்ளே போயிருந்தது. கிரில்லில் நெசவு நூல் சுற்றிக்கிடந்தது. பனவடலிசத்திரம் ரோட்டில் ஒரு குளத்தங்கரை வளைவில், கேரியரில் நூல் கட்டோடு எதிரே சைக்கிளில் வந்த மாரியப்பன் என்ற தறிக்காரரை இந்தக் கார் அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும்.

ஓட்டியது முத்தையா, என் சேக்காளி. செய்யது பாய் ஜாமீனில் எடுத்துவிட்டிருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் 'வண்டியில் கோளாறு இல்லை' என்று எழுதிவிட்டால் முத்தையாவுக்கு ஜெயில், லைசென்ஸும் போய்விடும். அவரோ கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் கைதான் தப்பிப் போச்சு."

எனக்கு அதை நம்ப முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2. அந்தக் கை

முத்தையா அம்பாசிடர் டாக்ஸி ஓட்டிப் பழகியவர். எங்கள் பக்கத்து டாக்ஸிகளில் ஏறுகிற கூட்டம் உங்களுக்குத் தெரியாது. கல்யாணம், சடங்கு, சாவு வீட்டுத் துஷ்டி என்று போனால் டிக்கி மூடாது. பட்டை பட்டையாக அடுக்கிய பின்பக்க லீஃப் ஸ்பிரிங் என்ன பாவம் செய்ததோ, வாரத்துக்கு ஒரு வண்டி பட்டை உடைந்து வந்து நிற்கும்.

மற்ற டிரைவர்கள் வந்தால், "அண்ணாச்சி, என்னமோ சத்தம் கேக்கு" என்பார்கள். என்ன சத்தம், எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். முத்தையா அப்படியில்லை. "அண்ணாச்சி, வலப்பக்கம் கொஞ்சமா இழுக்குது. முன்னால ஒண்ணுமில்ல, பின்னால பாருங்க" என்பார். ஜாக்கி போட்டுப் பார்த்தால் இடது பின் ஸ்பிரிங்கைச் சக்கர அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட் லூஸாகி, அந்த அச்சு, அதாவது ஆக்சில், நகர்ந்திருக்கும். பின் ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்குப் போனால் வண்டி கோணலாகப் போகும், அது ஸ்டீயரிங்கில்தான் தெரியும். இந்தச் சங்கதி புரியாமல் ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டு திண்டாடிய மெக்கானிக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முத்தையாவின் உள்ளங்கைக்கு அது எப்படியோ தெரிந்துவிடும்.

செய்யது பாய் அவரை டிரைவராக வைத்ததே அதற்காகத்தான். புதுக் காரைக் காட்ட முத்தையா ஒருநாள் என் கடை வாசலில் நிறுத்தினார். ஒரே ஒரு விரலால் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக் காட்டினார்.

"பாத்தியளா? பூ மாதிரி இருக்கு. இத்தனை வருசமா நாம மாவு ஆட்டிட்டுலா இருந்திருக்கோம்!"

"சந்தோசமா ஓட்டும் வே. இனிமே உமக்குத் தோள்வலின்னு லீவு போட முடியாது" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

3. இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். மெல்லிய ஆள், அதிகம் பேசமாட்டார். ஊரில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, எதிரே வருவது தெரிந்திருக்காது என்றார்கள். தண்ணி போட்டிருப்பான் என்றும் சிலர் வாய் கூசாமல் சொன்னார்கள். முத்தையா பீடிகூடக் குடிக்கமாட்டார்.

இன்ஸ்பெக்டர் எதையும் காதில் வாங்கவில்லை. பிரேக்கை மிதித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. பானெட்டைத் திறந்தோம். பவர் ஸ்டீயரிங் பம்ப்பைச் சுற்றும் பெல்ட் அறுந்து தொங்கியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. "சார், பெல்ட் அறுந்திருக்கு. ஸ்டீயரிங் திடீர்னு கல்லா மாறியிருக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆனால் எழுதவில்லை.

"டைட் ஆகும், சரி. அம்பாசிடர் ஓட்டின கை, கஷ்டப்பட்டாவது திருப்பியிருக்கும். இடது பக்கம் வளையுற ரோட்டுல, வண்டி இவ்வளவு தூரம் வலது பக்கம் ஏன் போச்சு?"

நான் குனிந்து முன் சக்கரங்களைப் பார்த்தேன். அவர், "பின்னால தூக்குங்க" என்றார்.

பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தோம். ஸ்பிரிங்கின் முன் நுனியில் இருக்கும் கண்ணிலிருந்து ஆக்சில் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தோம். இடது பக்கம் ஆக்சில் நல்ல இரண்டு விரற்கடை பின்னால் போயிருந்தது. யூ-போல்ட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, ஆக்சிலை அதன் இடத்தில் உட்காரவைப்பது நடுவில் இருக்கும் சென்டர் போல்ட். அது துண்டாகிக் கீழே விழுந்தது.

இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுத்துத் துடைத்தார். "இது கம்பெனி போல்ட் இல்லையே."

இல்லைதான். ஸ்பிரிங்குக்குப் போடுகிற எஃகு போல்ட் அவ்வளவு லேசில் முறியாது. இது கேட்டுக்கோ கட்டிலுக்கோ போடுகிற சாதாரண இரும்பு. முறிந்த முகத்தில் பாதி துரு ஏறியிருந்தது. அப்படியென்றால் விபத்தில் உடைந்ததல்ல. முன்னாலேயே விரிசல் விட்டு, ஆக்சில் நாள்பட நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வண்டி எப்போதும் வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இழுப்பையெல்லாம் பவர் ஸ்டீயரிங் தானே தாங்கிக்கொண்டு, டிரைவர் கைக்கு ஒன்றுமே தெரியவிடாமல் வைத்திருந்தது. வளைவில் பெல்ட் அறுந்ததும் இறுக்கமும் இழுப்பும் ஒரே நொடியில் கையில் வந்து விழுந்திருக்கின்றன. எந்தக் கையாலும் அதைத் தாங்கியிருக்க முடியாது.

"யாரு மாட்டின போல்ட் இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாசலில் நின்றிருந்த முத்தையா உள்ளே வந்தார். அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது.

"நான்தான் சார்."

ராயகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கார் கொள்ளாத அளவுக்கு ஆள் ஏற்றியதில் ஒரிஜினல் போல்ட் முறிந்திருக்கிறது. டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலையை இவரும் செய்திருக்கிறார். கிடைத்த போல்ட்டை மாட்டி, யூ-போல்ட்டை முறுக்கி, ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்.

"மறுநாளே அண்ணாச்சிகிட்ட காட்டணும்னுதான் சார் நெனச்சேன். அம்பாசிடர்ல இப்படிப் போட்டா, கொஞ்சம் நகந்தாலே கைக்குத் தெரிஞ்சிரும். அன்னைக்கே கொண்டுவந்து மாத்திருவேன். இதுல கைக்கு ஒண்ணுமே தெரியல. நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "நான் வண்டியப் பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லி, பெல்ட் அறுந்ததையும் சென்டர் போல்ட் முறிந்ததையும் மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

4. தறிக்காரர் வீடு

கேஸ் இழுத்தடித்து முடிந்தது. இயந்திரக் கோளாறு என்று முத்தையாவை விட்டுவிட்டார்கள். கோர்ட்டு வாசலில் நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"அந்தத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளயப் பாக்கப் போணும் அண்ணாச்சி. நீங்களும் வாங்க. தனியா போக எனக்குத் தெம்பில்ல."

"வேண்டாம் வே. முடிஞ்சதைக் கிண்டாதீரும்."

"கோர்ட்டுக்குத்தான முடிஞ்சிருக்கு?"

போனோம். சின்ன வீடு. வீட்டில் பாதி இடத்தைத் தறி அடைத்திருந்தது. மாரியப்பனின் மனைவி தறியிலிருந்து எழுந்து வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். தறிக்குப் பக்கத்தில் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

முத்தையா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ராயகிரி, போல்ட், ஆக்சில், ஒன்றையும் விடவில்லை. தப்பு தன்னுடையதுதான், கோர்ட்டு சொன்னது கணக்கில்லை என்றார். அவளுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்கதான கடேசியா பக்கத்துல இருந்திய? அவிய எதாவது சொன்னாவளா?"

முத்தையா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "இல்லம்மா. ஒரு நொடிதான். வலிகூடத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது போதும்" என்றாள்.

தெருமுனை தாண்டியதும் முத்தையா ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி. ரொம்ப நேரம் உசிரு இருந்துச்சு. தண்ணி கேட்டான். குளத்துல எறங்கி துண்டை நனைச்சு வாயில பிழிஞ்சேன். குடிச்சிட்டு, 'வீட்டுக்குக் கொண்டு விட்டுருங்க'ன்னான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். வண்டி ஸ்டார்ட் ஆகல. ரோட்டுல ஒரு பயலும் வரல."

அழுதார். நானும்தான்.

முத்தையா அதன்பிறகு வண்டி ஓட்டவில்லை. ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குப் போனார். செய்யது பாய் எவ்வளவோ கூப்பிட்டும் அந்தக் காரில் ஏறவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இது. இன்றைக்கு எல்லா வண்டியிலும் பவர் ஸ்டீயரிங் வந்துவிட்டது. 'ஓட்டுறதுக்கு நல்லாத்தான் இருக்கு' என்று டிரைவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தைத் தூக்கி டேப் பிடியுங்கள். வழியில் யாராவது மாட்டிய போல்ட் கண்ணில் பட்டால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்போதே கழற்றி எறியுங்கள். வண்டி விஷயத்தில் கடைசி உண்மை வரைக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாரியப்பனின் மனைவியை அதன்பிறகு கடைத்தெருவில் பலமுறை பார்த்திருக்கிறேன். முத்தையா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்தக் குளத்தங்கரையில் என்ன நடந்தது என்று தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். இதுவரை அவளிடம் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன்.