நீலப் படிகளில் அவர் நின்ற சாயங்காலம்

மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன பிறகு வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். மராத்திக்காரர்கள் ஊரான நிக்டியில் எங்களுடையது சின்ன ரோ ஹவுஸ், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு அறைகள், சுவரை ஒட்டி ஏறும் படிக்கட்டு. சாம்பல் நிறக் கல். வீட்டைக் கட்டியவர்கள் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு கறுப்புப் பட்டை பதித்திருந்தார்கள். பல வருடங்களாகப் பெருக்கித் துடைத்ததில் அந்தப் படிக்கட்டைப் பார்த்தாலே எனக்குச் சலிப்பு வரும்.

ஒரு நாள் போனில் மொராக்கோ நாட்டு வீடு ஒன்றின் படங்களைப் பார்த்தேன். படிகள் முழுக்க நீலமும் வெள்ளையுமாக நட்சத்திர டைல்ஸ், செம்மண் நிறச் சுவர், மேலே துளைத்துளையாக வெட்டிய பித்தளை விளக்கு. கணவரிடம் காட்டினேன். போனை நேராக முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, "உனக்குப் பிடிச்சிருந்தா பண்ணிக்கோ" என்றார்.

டைல்ஸ் ஒட்ட வந்த மிஸ்திரி ராஜஸ்தான்காரர். படியின் முகப்பில் மட்டும் ஒட்டலாம், கால் வைக்கிற இடம் கல்லாகவே இருக்கட்டும் என்று இந்தியில் சொல்லிப் பார்த்தார். எல்லாம் ஒரே டிசைனாக இருந்தால் படி எங்கே முடிகிறது என்று தெரியாது என்றார். நான் கேட்கவில்லை. படத்தில் இருந்த மாதிரியே வேண்டும் என்று நின்றேன். கறுப்புப் பட்டைகள் டைல்ஸுக்கு அடியில் போயின.

வேலை நடந்த நாட்களில் இருவரும் கீழே கூடத்தில் படுத்துக்கொண்டோம். சனிக்கிழமை மதியம், இனி மிதிக்கலாம் என்று மிஸ்திரி சொன்னதும், கணவர் கைப்பிடியைப் பிடித்து ஏறி மேலே தூங்கப் போனார். சாயங்காலம் நான், படத்தில் இருந்த மாதிரியே வாங்கி மாட்டிய பித்தளை விளக்கை முதல்முறையாகப் போட்டேன். படிகளின் மேலும் சுவரிலும் ஒளி பூப்பூவாகச் சிதறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னங்க, கீழ வாங்க. டீ ஆறிடும்."

அவர் மேல்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

"லைட்டப் போடு."

"போட்டுத்தானே இருக்கு."

ஒரு காலை நீட்டினார். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவர் மாதிரி அந்தக் கால் காற்றில் துழாவியது. பிறகு பின்னால் இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, உள்ளங்கையால் அடுத்த படியைத் தடவித் தடவி இறங்கத் தொடங்கினார். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். இரண்டு மூன்று படி இறங்கிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. உதடு இறுகியிருந்தது.

கீழே வந்து சேர்ந்ததும், "படியே தெரியல. ஒரு பெட்ஷீட்ட விரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

டியூப் லைட்டைப் போட்டேன். அவருடைய இடதுபக்கம் நின்று டீ டம்ளரை நீட்டினேன். அவர் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது, வாங்கவில்லை. மெதுவாக முன்னால் நகர்த்தினேன். ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டுக் கையை நீட்டினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஓரமெல்லாம் ஒரு வருஷமாவே மங்கல். நேரா பாத்தா நல்லாத்தான் தெரியுது."

முந்தைய வாரம் சிஞ்ச்வட் மார்க்கெட்டிலிருந்து பைக்கில் திரும்பும்போது இடதுபக்கம் ஒரு பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது. "எங்கேருந்துதான் வர்றானுங்களோ" என்று அவர் திட்டினார். நானும் அவரோடு சேர்ந்து டிரைவரைத் திட்டினேன். பஸ் எங்கிருந்தும் திடீரென்று வரவில்லை. அது கொஞ்ச நேரமாகவே எங்கள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"இப்படியே என்னையும் பின்னாடி உக்கார வெச்சு ஓட்டினீங்களா?"

"தெரிஞ்ச ரோடுதானே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கம்பெனியில மெஷின் பக்கம் விடமாட்டான். டாக்டர்கிட்ட போனா அதுக்கு ஒரு பேர் வெச்சிடுவாரு."

அவர் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லேத் பிரிவு சூப்பர்வைசர். சுழலும் இரும்புகளுக்கு நடுவில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறவர். அந்த ஒரு வருடத்தின் ஒவ்வொரு நாளையும் நினைத்து நினைத்துப் பயந்தேன். நடக்காமல் போன விபத்துக்காகவும் உடம்பு இப்படி நடுங்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பைக் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கச் சாவி கேட்டார். தரமாட்டேன் என்றேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போனார். அவர் சண்டை போடாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் போனோம். மராத்திக்கார அம்மா, நிதானமாகப் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருக்கிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து போட வேண்டும். "படிக்கட்டு புதுசாக்கலன்னா இன்னும் எத்தனை நாள் இப்படியே பைக் ஓட்டியிருப்பாரோ" என்று நான் அழுதேன். டாக்டர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

கம்பெனியில் உண்மையைச் சொன்னோம். வேலையிலிருந்து எடுக்கவில்லை, மெஷினிலிருந்து விலக்கி ஸ்டோரில் போட்டார்கள். இப்போது கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். மிஸ்திரியைத் திரும்பக் கூப்பிட்டேன். "அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. கால் வைக்கும் இடத்து டைல்ஸை உளியால் பெயர்த்தெடுத்து, விளிம்புகளில் மஞ்சள் பட்டை ஒட்டிக் கொடுத்தார். முகப்பில் மட்டும் நீல நட்சத்திரங்கள் இருக்கின்றன. பித்தளை விளக்கை மகள் எடுத்துப் போய்விட்டாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்குப் பார்வைச் சோதனை. இருட்டறையில் ஒரு கருவிக்குள் முகம் வைத்து, எங்கேயாவது சின்ன ஒளி தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். நான் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்பேன். டக், டக். பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது. ஒளி வரவில்லையா, வந்தும் இவருக்குத் தெரியவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பேன். போன தடவை டாக்டர் பழைய சோதனைத் தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து, "அப்படியே இருக்கு, கூடல" என்றார். நான் நம்பாமல் இரண்டு தாள்களையும் வாங்கி, பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.