லண்டன் பட்லருக்கு ஆவடியில் ஒரு மாலை

1991 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை.

ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு அண்டாக்களையும் நிரப்பினேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன் – அது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. பால் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

எதிர்ச் சுவரில் ஏகாம்பரம்.

போஸ்டரில்!

மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'இமயம் சரிந்தது'. நடுவில், கழுத்தில் கறுப்பு 'போ' டை, நரைத்த கிருதா, வெள்ளைக் கையுறை சகிதம், ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஏகாம்பரம் என்னையே பார்த்தார்.

முந்தின நாள் சாயங்காலம்தான் என்னோடு டீக்கடையில் நின்று மெதுவடை சாப்பிட்டிருந்தார். சட்னி தண்ணியாக இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டையும் போட்டார். அவ்வளவு தெம்பாக இருந்த இமயம் ஒரே ராத்திரியில் எப்படிச் சரியும்?

கிட்டே போய்ப் பார்த்தேன். முகத்துக்கும் இமயத்துக்கும் நடுவே, மூக்குக் கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில் ஓர் ஆங்கிலேயரின் பெயர் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. பால் வாங்கப் போகாமல் நேராக ஏகாம்பரம் வீட்டுக்கு நடந்தேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்த வாரம் புதன்கிழமை, ஆங்கிலப் பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. பழம்பெரும் பிரிட்டிஷ் நாடக, திரைப்பட நடிகர் லண்டனில் காலமானார். போட்டோ இல்லை, அவர் நடித்த படங்களின் பெயர்கள் மட்டும். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அடையாளம் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். பெரிய மாளிகை, நீளமான சாப்பாட்டு மேஜை, ஒரு கோடியில் சீமாட்டி. பின்னால் ஒருவர் தட்டோடு நிற்பாரே... அவர்தான். ஒரு படத்தில் பட்லர். அடுத்த படத்தில் நீதிபதி. அதற்கடுத்ததில் பிஷப். எந்தப் படத்திலும் கதாநாயகியை அவர் தொட்டதில்லை. அவர் தொட்டதெல்லாம் டீ கெட்டிலைத்தான்.

எங்கள் ஃபேக்டரி மைதானத்தில் சனிக்கிழமைகளில் வெள்ளைத் திரை கட்டி ஆங்கிலப் படம் போடுவார்கள். அதிகாரிகளுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் புல்தரை. பாதிப் பேருக்கு வசனம் புரியாது. அதனால் என்ன? முகம் புரிந்தது. 'பட்லர் வந்துட்டாருடா!' என்று புல்தரையிலிருந்து ஒரு குரல் எழும். கைதட்டல் கிளம்பும். லண்டனில் அவருக்கு அப்படிக் கைதட்டியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அந்தக் குரல் ஏகாம்பரத்தின் குரல்.

பெயின்ட் ஷாப்பில் வேலை. பாரிவாக்கத்துக்காரர். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். ஃபேக்டரி நாடக மன்றத்தில் இவருக்குக் கிடைத்த வேஷங்களைக் கேளுங்கள் – கதாநாயகனின் அப்பா, கோயில் குருக்கள், ஜட்ஜ், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்து கண்ணாடியைக் கழற்றும் டாக்டர். கதாநாயகன் வேஷம் ஒரு தரம்கூட இல்லை. ஒரே ஒரு தரம், நான் எழுதிய நகைச்சுவை நாடகத்தில், ஜமீன் வீட்டு பட்லராக வந்தார். அந்த மேக்கப்பில் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

செய்தியை நான்தான் கத்தரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு துண்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா சார், நம்ம பட்லரு பூட்டாரா?"

"வயசாச்சு, ஏகாம்பரம்."

"அந்தாளு ஒண்ணுமே பண்ணமாட்டான் சார். சொம்மா நிப்பான். ஆனா நம்ம கண்ணு வேற எங்கியும் போவாது. கிளப்புல ஒரு இரங்கல் கூட்டம் போட்ணும் சார்."

கிளப் செயலாளர் ராமலிங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. "யாருய்யா அவன்? நமக்குச் சித்தப்பனா, பெரியப்பனா? ஞாயித்துக்கிழமை கேரம் போட்டி இருக்கு" என்றார். நான் நடுவில் புகுந்து, கேரத்துக்குப் பிறகு ஆறு மணிக்கு ஹாலை வாங்கிக் கொடுத்தேன். ராமலிங்கம் சாவியை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "நீயும் எழுத்தாளர் சாரும் எதிரும் புதிருமா உக்காந்து அழுதுட்டு, ஃபேனை நிறுத்திட்டுப் போங்க."

வெளியே வந்ததும் ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அட்த்த மாசம் எனக்கு ரிடைர்மென்ட்டு. குவார்ட்டர்ஸ் காலி பண்ணிகினு திருநின்றவூரு போறேன். அப்றம் ஸ்டேஜும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. லண்டன்ல நடிச்சவருக்கே நாலு பேரு வர்லன்னா... எனக்கு எவன் சார் வருவான்?"

அப்போதுதான் புரிந்தது, இது லண்டன்காரருக்கான கூட்டம் மட்டும் இல்லை என்று.

சரி, போஸ்டருக்கு வருகிறேன். அன்று காலை நான் போய்ச் சேர்வதற்குள் ஏகாம்பரம் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஏகாம்பரம் லுங்கியோடு, வாயில் பல்பொடி நுரையோடு நடுவில் நின்றார். அவருக்கு எதிரே, இடுப்பில் குடத்தோடு அவர் மனைவி சுலோச்சனா. தெருக்குழாய்க்குப் போன இடத்தில் புருஷனின் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்த பெண்மணி எப்படிப் பேசுவார்?

"யோவ், உன்ன எவன்யா சாவச் சொன்னான்?"

"நான் எங்கடி செத்தேன்? அவரு செத்தாரு."

"அவரு செத்தா அவரு மூஞ்சியப் போடு. உன் மூஞ்சி இன்னாத்துக்கு?"

"அவரு மூஞ்சி கெடைக்கல."

"கெடைக்கலன்னா?"

"சேக்காட்டு பிரஸ்காரன் படம் இல்லாத போஸ்டர ஒருத்தனும் பாக்கமாட்டான்னு சொல்ட்டான். நான்தான் அவரு மாதிரியே வேஷம் போட்டு ஒரு போட்டோ வெச்சிகினு கீறேனே, அத்தக் குட்த்தேன்."

"உனக்குப் புத்தி கீதா?"

"ஏன்? சாமி காலண்டர்ல யார் மூஞ்சி கீது? நம்மள மாதிரி எவனோ ஒருத்தன் மூஞ்சிதானே? நீ கும்புட்ல?"

சுலோச்சனா குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, கையில் பெரிய சாமந்தி மாலையோடு தாமோதரன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏகாம்பரத்தோடு பெயின்ட் ஷாப்பில் முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், பல் தேய்க்கிற பிணத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மாமே... கீறியா?"

"கீறேன் மாமே."

"அடப்பாவி! திரும்பி வந்து தல முழுவணும்னு ஊட்ல வென்னி போடச் சொல்ட்டு வந்தேன்டா! இந்த மாலய இப்ப இன்னா பண்றது?"

"குடு, நான் போட்டுக்கறேன்" என்று ஏகாம்பரம் கழுத்தை நீட்ட, சுலோச்சனா குடத்தைக் கீழே வைத்துவிட்டு மாலையைப் பிடுங்கிக்கொண்டார். "சாவுக்கு வாங்குன மாலய உசுரோட கீறவன் கழுத்துல போடறதா? ஒழுங்கா நாளைக்குப் பொழுது விடியறதுக்குள்ள அத்தினி போஸ்டரயும் சொரண்டிட்டு வரல, உனக்குச் சோறு கெடையாது!"

பத்து மணிக்குள் ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க விஷயம் பரவிவிட்டது. பால் பூத்தில் அதே பேச்சு. சலூனில் அதே பேச்சு. "செத்துப் பொழச்ச ஏகாம்பரம் சாயங்காலம் கிளப்புல பேசறாராம்!" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நாடகத்துக்கு விளம்பரம் எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா?

மாலை ஆறு மணி. ஹாலில் நாற்காலி போதவில்லை. ஜன்னலில் எல்லாம் தலைகள். கேரம் ஆடியவர்கள் போர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராமலிங்கம் வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்தார். "நம்மை விட்டுப் பிரிந்த..." என்று ஆரம்பித்து, பெயர் தெரியாமல் விழித்தார்.

"ஏகாம்பரம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹால் வெடித்துச் சிரித்தது.

"ஆவி எங்கப்பா? மேடைக்கு வரச் சொல்லு!"

"அண்ணாத்தே, மேல எம்மாம் கூட்டம்? ரேஷன் உண்டா?"

ஏகாம்பரத்தைப் பார்த்தேன். மேடை ஓரத்தில், அந்தப் பழைய பட்லர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. கூட்டம் வந்துவிட்டது. ஆனால் எதற்கு வந்திருக்கிறது? பாவம், அவர் கேட்டது இதை இல்லையே. இதற்கு விளம்பரம் செய்தவன் நான்தான்.

அவர் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. கிளப் கேன்டீனின் எவர்சில்வர் தட்டை எடுத்தார். நான் கத்தரித்துக் கொடுத்த செய்தித் துண்டை அதன் நடுவில் வைத்தார். தட்டை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு மேடைக்கு வந்தார். வந்து, நின்றார்.

அவ்வளவுதான். நின்றார்.

விசில் அடித்தார்கள். அசையவில்லை. கையுறை போட்ட மறு கையால், இல்லாத மேஜையில் இல்லாத ஒரு ஸ்பூனை, எடுத்து, நேராக வைத்தார். மறுபடி நின்றார். கண் மட்டும் தட்டுக்குப் போய்த் திரும்பியது.

அந்தத் தந்திக் காட்சி! மைதானத்தில் நாங்கள் எல்லோரும் பார்த்தது. சண்டைக்குப் போன மகன் இறந்துவிட்டான் என்று தந்தி வந்திருக்கும். சீமாட்டி சூப் குடித்துக்கொண்டிருப்பாள். தந்தியைத் தட்டில் வைத்துக்கொண்டு பட்லர் நிற்பார். சொல்ல மாட்டார். ஸ்பூனைச் சரி செய்வார். அவள் சூப்பை முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

"டேய்... தந்தி சீன்டா" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஹாலில் சத்தமில்லை. ஃபேன் சத்தம் மட்டும். மௌன அஞ்சலி என்று யாரும் அறிவிக்கவில்லை. எழுந்து நிற்கச் சொல்லவும் இல்லை. முதலில் தாமோதரன் எழுந்தார். பிறகு அவர் வரிசை. பிறகு எல்லோரும். கேரம் போர்டோடு எழுந்தவர்களும் உண்டு.

ஏகாம்பரம் தட்டை மேடை ஓரத்து மேஜைமேல் வைத்தார். சுலோச்சனா காலையில் பிடுங்கி வைத்திருந்த அந்தச் சாமந்தி மாலையோடு மேடையேறி, தட்டுக்கு அதைச் சாத்தினார். புருஷனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான்யா நின்ன" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

பிறகு எல்லோரும் பேசினார்கள். லண்டன்காரரைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, எப்போது ஏகாம்பரத்துக்குத் தாவியது என்று யாருக்கும் தெரியாது. "அந்த டாக்டர் வேஷத்துல கண்ணாடியக் கழட்டுவியே, எங்க அம்மா அழுதுடுச்சுய்யா" என்றார் ஒருவர். மன்றத்தின் கதாநாயகர்கள் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் இறந்தால் கடையடைப்பு. இவர்கள் இறந்தால்? பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு பெயர். யாரோ என்று தாண்டிப் போகிறோம். எதிரில் இருப்பவர் அடையாளம் சொல்கிறார். உடனே நம் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருகிறது – "அடடா... அவரா?"

நாற்பது வருஷம் தட்டு ஏந்தி நின்ற அந்த மாதிரிக் கிழவர்களுக்குக் கிடைக்கிற பட்டம், விருது, சிலை எல்லாம் அந்த ஒரு "அவரா?"தான். குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 11, திங்கட்கிழமை. ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாக ஏகாம்பரம். மற்ற தெருக்களை எல்லாம் முடித்துவிட்டாராம். இதுதான் கடைசிப் போஸ்டர். 'கண்ணீர் அஞ்சலி' போயிருந்தது. இமயமும் போயிருந்தது. அந்த ஆங்கிலப் பெயரும் முகமும் மட்டும் மிச்சம்.

"சார், அம்மாந்தூரம் இருந்து வந்த பேரு... கிழிக்க மனசு வர்ல."

"பேரு மட்டும்தானா?"

ஏகாம்பரம் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

அன்று காலை நான் செய்த முதல் வேலை: உள்ளே போய், மைதா மாவில் கொஞ்சம் பசை காய்ச்சிக் கொண்டுவந்து, தண்ணீர் பட்டுத் தூக்கிக்கொண்டிருந்த போஸ்டர் மூலையை நன்றாக அழுத்தி ஒட்டியதுதான்.

சுலோச்சனா அம்மா நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிப்பதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!