மினுங்கிக்கொண்டிருந்த பென் டிரைவ்

தஞ்சாவூரில் என் கம்ப்யூட்டர் கடைக்கு எப்போதாவது வரும் விவசாயி அவர். பெயர் கேட்டதில்லை. மடியிலிருந்து பென் டிரைவை எடுத்து, சட்டையில் ஒருமுறை துடைத்துத்தான் தருவார். இறந்துபோன மனைவியின் வீடியோக்கள் அதில் இருந்தன. அன்று அதில் புதிதாகச் சில படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“லைட்டு இன்னும் மினுங்குதே, தம்பி.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க” என்று பிடுங்கினேன். திரும்பச் செருகியபோது எதுவும் திறக்கவில்லை. என்ன செய்தும் மீட்க முடியவில்லை.

அதில் இருந்த ஃபேட், கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறை, எழுதும்போது பாதியில் நின்றால் குழம்பிவிடும், என்.டி.எஃப்.எஸ். என்ற புது முறை என்றால் ஓரளவு தாங்கியிருக்கும் என்று பாடம் நடத்தினேன்.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். “பழசுல வச்சிருந்தது என் தப்புதான், தம்பி. உங்களுக்குத்தான் வீண் சிரமம்.”

பென் டிரைவைச் சட்டையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். பிடுங்கியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“இனிமே பாத்து வச்சுக்கங்க” என்றுதான் வந்தது.